கண்ணுக்குத் தெரியாத செலவு

பழம்பொருள் வாங்குவோர் இருமுறை விலை கொடுப்பர்: முதலில் விற்றவர்க்கு, பின்னர்ச் செப்பனிடுவோர்க்கு. மும்பையில் நாங்கள் மூன்று குடும்பத்தார் கூட்டாக வாங்கிய பாய்மரப் படகும் இதற்கு விலக்கன்று. 22 அடி நீளம், கண்ணாடியிழை உடல், நால்வர் படுத்துறங்க இடமுண்டு. எஞ்சிய சேமிப்போ சிறிது. எதை முதலில் புதுப்பிப்பது? பிள்ளைகள் புதிய பாய் கேட்டனர். பெரியவர்கள் மெத்தையும் அடுப்பும் கேட்டனர்.

மழைக்காலத்தில் படகைக் கரையேற்றினோம். நீர்மட்டத்திற்குக் கீழே உடலைத் துளைத்துச் செல்லும் குழாய்களின் வால்வுகள் பித்தளையால் ஆனவை. அழுக்கைச் சுரண்டியபோது மஞ்சள் மறைந்து செம்மை தெரிந்தது. கடல்நீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை மெல்ல அரித்துவிடும். எஞ்சும் செம்பு உருக்குலையாமல் நிற்பினும் உறுதியற்றது. எங்களுள் மூத்த அம்மையார் ஒரு வால்வைச் சற்றே திருக, அது உடைந்து கையோடு வந்தது. எலிபெண்டாத் தீவுக்குச் செல்லும் வழியில் உடைந்திருப்பின் பிள்ளைகளின் கதி என்ன? அத்துடன் வழக்குத் தீர்ந்தது.

செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம் கடல்நீரைத் தாங்கும். வெண்கல வால்வுகளே பொருத்தினோம். பாய்மரத்தை இழுத்து நிறுத்தும் எஃகுக் கம்பிகளையும் மாற்றினோம். 10, 15 ஆண்டுகள் கடந்த கம்பி வெளியே பளபளப்பினும், அதன் முனைகளின் உள்ளே விரிசல் கண்டிருக்கக்கூடும். கைப்பணமும் கரைந்தது.

இன்றும் மேலே ஒட்டுப்போட்ட பழைய பாய். கீழே படுக்கக் கோரைப்பாய். விருந்தினர், “எதைத்தான் புதுப்பித்தீர்கள்?” என வினவுகின்றனர். தரைப்பலகையைத் தூக்கிக் காட்டுகிறோம். அடியில் ஒரு துளி நீர் இல்லை.