காரை விற்பதா, பழுது பார்ப்பதா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் மடிப்பாக்கம் வீட்டு வாசலில் நின்ற கார், பானெட் வரை முழுகிவிட்டது. பதினொரு வருஷத்துக் கார். தண்ணீர் வடிந்ததும், "ஏங்க, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணித்தான் பாருங்களேன்" என்று சொன்னவள் நான்தான். என் மாமியாருக்கு வாரம் மூன்று தடவை டயாலிஸிஸ். ஒரு தடவை ஏற்கனவே தவறிவிட்டது. அந்தப் பதற்றம் எனக்கு. அவர் சாவியைத் திருப்பினார். 'டங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மெக்கானிக் தம்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டார்ட் பண்ணீங்களாக்கா?" என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினார். பால் காப்பி நிறம்! "காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாதுக்கா. பிஸ்டன் முட்டி நின்னு, கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்கும்" என்றார். ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் போயிருந்தால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றிப் பிழைக்க வைத்திருக்கலாமாம்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று ஒரு தைரியம் இருந்தது. சீட், வயரிங் செலவை ஒப்புக்கொண்டார் சர்வேயர். தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்கு மட்டும், எஞ்சினுக்கென்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டுமாம். நாங்கள் சேர்க்கவில்லை. உங்கள் வீட்டுப் பாலிஸியில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். எஞ்சினைச் சரிசெய்யச் சுமார் 50,000 ரூபாய். வேறொரு பழைய எஞ்சின் போட்டால் கொஞ்சம் குறையும். ஆனால் எஞ்சின் நம்பர் மாறுவதால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யில் பதிய வேண்டும். அது எந்த வெள்ளத்தில் முழுகிய எஞ்சினோ, யார் கண்டது! இருக்கிறபடியே விற்றால் 40,000. சரிசெய்து விற்றால், வெள்ளத்தில் நின்ற வண்டி என்பதால் 1,00,000 கிடைத்தாலே அதிகம். ஆக, லாபக் கணக்குப் பார்த்தால் கையில் மிஞ்சுவது பத்தாயிரம். அதற்காக இத்தனை பாடா?

"என்னால எதுக்கும்மா இவ்வளவு செலவு? வித்துடுங்க, நான் ஆட்டோவுல போய்க்கறேன்" என்றார் மாமியார். அப்படித்தான் மூன்று வாரம் போனோம். போக வர 400 ரூபாய். மாதம் 13 தடவை என்றால் 5,200. அது கூடப் பெரிதில்லை. டயாலிஸிஸ் முடிந்து வரும்போது அவரால் உட்கார முடியாது. காரில் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொள்வார். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டார். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த 'டங்' சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"திறந்து பார்த்தாத்தான் தெரியும்க்கா. சிலிண்டர் சுவர்ல கோடு விழுந்திருந்தா செலவு எங்கேயோ போயிடும்" என்றார் தம்பி. திறப்பதற்கு முந்தின இரவே நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். 60,000க்குள் என்றால் செய்வது. ஒரு ரூபாய் கூடினாலும் விற்பது. இவருக்கு அது சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் கார். பிரித்துப் போட்ட பிறகு மனசு மாறுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் பால் நோட்டிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டேன்!

நல்லவேளை, ஒரு ராடுதான் வளைந்திருந்தது. சிலிண்டர் சுவரில் கீறல் இல்லை. எல்லாம் சேர்த்து 54,000. வளையலுக்கென்று வைத்திருந்த என் சீட்டுப் பணம் அதில் போயிற்று.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், ஊரோடு சேர்ந்து இவரும் காரை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நனைந்துகொண்டே வந்தார். சாவியை வாங்கி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன்.