எஞ்சின் சத்தமும் எச்சரிக்கை விளக்கும்



நம் வீடுகளில் கார் ஓட்டும் பெண்கள் பெருகிவிட்டனர். பிள்ளைகளைப் பாடசாலையில் விடுவதும் வயதான உம்மாவை டொக்டரிடம் கூட்டிச் செல்வதும் அவர்கள் பொறுப்பாகிவிட்டன. கணவர் வெளிநாட்டில் உழைப்பவராயின் வாகனத்தைக் கராஜுக்குக் கொண்டு போவதும் அவர்களே. அங்கே சொல்லப்படும் ஒரு வார்த்தையை நம்பிப் பெருந்தொகை செலவிட வேண்டி வருகிறது. அப்படியான ஒரு வார்த்தைதான் 'நொக்'.

பெற்றோல் எஞ்சினில் காற்றும் பெற்றோலும் கலந்த கலவையைப் பிஸ்டன் அமுக்குகிறது. பிளக்கின் தீப்பொறி பட்டதும் அது சீராக எரிந்து பரவ வேண்டும். சிலவேளை நெருப்பு வந்து சேருமுன்பே, மீதமுள்ள கலவை சூட்டினாலும் அமுக்கத்தினாலும் தானாகவே பற்றிக்கொள்கிறது. அப்போது சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் எழும். மேடு ஏறும்போது இது கூடுதலாகக் கேட்கும். நெடுநாள் தொடர்ந்தால் பிஸ்டன் சேதமாகலாம்.

இதை அடக்க மனிதன் செய்த முயற்சிக்கு ஒரு வேதனையான வரலாறு உண்டு. 1921இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் சேர்ந்த ஒரு பொருளைப் பெற்றோலில் கலந்தால் நொக் அடங்கும் எனக் கண்டார். அந்த ஈயம் புகையோடு வெளியேறிக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.

இன்றைய கார்களில் எஞ்சின் புளொக்கில் பொருத்தப்பட்ட ஒரு சிறு சென்சர் அந்த அதிர்வை உணர்ந்து வாகனத்தின் கம்பியூட்டருக்கு அறிவிக்கிறது. கம்பியூட்டர் தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்த, நொக் அடங்கிவிடும். சென்சரின் சைகை ஒழுங்காக வராவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். ஓர் இலக்கமும் பதிவாகும். பி 0325 என்றால் சென்சரின் மின்சுற்றில் கோளாறு. 0326 என்றால் சைகை எதிர்பார்த்த அளவில் இல்லை. 0327 என்றால் சைகை மிகக் குறைவு, 0328 என்றால் மிக அதிகம்.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி 0325 என்ற இலக்கம் எஞ்சின் உடைந்துவிட்டது என்று சொல்லவில்லை. சென்சருக்கும் கம்பியூட்டருக்கும் இடையிலான பேச்சு தடைப்பட்டிருக்கிறது என்றே சொல்கிறது.

என் தங்கைக்கு இது நேர்ந்தது. மச்சான் கட்டாரில் இருக்கிறார். விளக்கு எரிந்ததும் ஒரு கராஜில், "எஞ்சின் நொக் அடிக்குது, இறக்கிப் பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குக் கூரை போட மச்சான் அனுப்பிய பணம்தான் அவளிடம் இருந்தது. "நானா, என்ன செய்யட்டும்?" என்று அழுதாள். "சத்தம் கேட்டதா?" என்றேன். இல்லையென்றாள். இலக்கத்தைக் கேட்டுவரச் சொன்னேன், பி 0325. வேறொரு மெக்கானிக் பார்த்தபோது சென்சருக்குப் போகும் வயரை எலி கடித்திருந்தது. வயரை மாற்றியதோடு விளக்கு அணைந்தது. கூரைப் பணம் கூரைக்கே போனது.

ஆகவே, சகோதரிகளே, முதலில் இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சத்தம் இல்லாமல் விளக்கு மட்டும் எரிந்தால், வயரையும் அது பொருந்தும் இடத்தையும், சென்சர் உரிய இறுக்கத்தில் இருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அளந்து பார்த்த பின்பே சென்சரை மாற்ற வேண்டும். இலக்கத்தை அழித்து விளக்கை அணைப்பது திருத்தமாகாது. கோளாறு இருந்தால் அது திரும்பவும் வரும். சென்சர் வேலை செய்யாதபோது கம்பியூட்டர் பாதுகாப்புக்காகத் தீப்பொறியைத் தாமதித்தே வைப்பதுண்டு. அதனால் இழுவை குறையலாம், பெற்றோல் கூடுதலாகச் செலவாகலாம்.

மேடு ஏறும்போது தட்டும் சத்தம் கேட்டால், வாகனக் கைந்நூல் சொல்லும் ஒக்டேன் அளவுள்ள பெற்றோலையா அடிக்கிறீர்கள் என்று பாருங்கள். 95 கேட்கும் எஞ்சினுக்கு 92 போதாது. 92 போதுமான எஞ்சினுக்கு 95 அடிப்பதால் பெரும் பயனில்லை. எஞ்சின் கூடுதலாகச் சூடாவதும், உள்ளே கரி படிவதும், பொருத்தமற்ற பிளக்கும் நொக்குக்குக் காரணமாகலாம்.

இன்னொரு சத்தமும் உண்டு. எஞ்சினின் அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாகக் கேட்கும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். இதையும் நம்மவர் நொக் என்றே சொல்வர். இது பெயாரிங் தேய்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். கூடவே ஒயில் விளக்கும் எரிந்தால் எஞ்சினை உடனே நிறுத்திவிடுங்கள். கராஜ் வரை ஓட்டிச் செல்லவும் வேண்டாம். அப்போது எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கக்கூடும்.

வாகனத்தில் ஒரு சிறு கொப்பி வைத்திருங்கள். திகதி, ஓடிய கிலோமீற்றர், வந்த இலக்கம், செய்த வேலை நான்கையும் அதில் குறியுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபிக்க மாட்டார். தூரத்தில் இருக்கும் கணவர் அழைக்கும்போதும், பயத்தைச் சொல்வதற்குப் பதிலாக இலக்கத்தைச் சொல்லி இருவரும் சேர்ந்து முடிவெடுக்கலாம்.