எங்கேயும் போகாத சைக்கிள்

இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்ட வேண்டும். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முடிக்கிற இடம் பெரும்பாலும் புறப்பட்ட இடமேதான். முதல் இடம், இரண்டாம் இடம் எதுவும் கிடையாது. எட்டு மணி நேரத்தில் வந்தவரும் பதின்மூன்று மணி இருபத்தொன்பது நிமிடத்தில் வந்தவரும் ஒன்றுதான். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் பிரெவே. 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரம், 400க்கு 27, 600க்கு 40 என்று உலகம் முழுக்க ஒரே கணக்கு. சென்னையிலும் கோவையிலும்கூட நடக்கிறது. 43 வயதில், இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு வங்கி வேலைக்கும் நடுவில், நானும் இதில் போய்ச் சேர்ந்தேன்.

இதை வீட்டில் விளக்குவதுதான் முதல் ஐம்பது கிலோமீட்டர்.

“எங்க போற?” என்று மாமியார் கேட்டார்.

“மரக்காணம் பக்கம் வரைக்கும் அத்தை.”

“அங்க யாரு இருக்கா?”

“யாரும் இல்ல. போயிட்டுத் திரும்பி வரணும்.”

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்று முழுக்க என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரில் இருக்கும் சித்தியிடம் போனில் சொன்னபோது அவர் இவ்வளவு நாகரிகம் பார்க்கவில்லை. “ஏன்டி, இருநூறு கிலோமீட்டரு போயி ஒரு கிலோ கத்தரிக்காகூட வாங்காமயா வருவ?” என்றார்.

சித்தி இதைக் கேட்கத் தகுதியுள்ளவர். எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம். 1991இல் அறிவொளி இயக்கம் வந்தபோது, எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணையாக நின்றார். 1992 மகளிர் தினத்தை ஒட்டி, ஹேண்டில் பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணியடித்துக்கொண்டு ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைக்குள் சைக்கிளில் போனதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில்தான் அங்கன்வாடியில் வேலை பார்த்த சித்தியும் சைக்கிள் கற்றுக்கொண்டார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அதிலும் ஒரு வசதி கண்டுபிடித்தார்கள். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே போகும் பாரில் ஒரு பிள்ளையை உட்காரவைக்கலாம். பதினொரு வயதுவரை நான் அந்தப் பாரில் உட்கார்ந்து போனவள். முன்னால் நான், பின்னால் தண்ணீர்க் குடம், நடுவில் சித்தி.

சித்தியின் சைக்கிள் தண்ணீர் கொண்டுவந்தது. சந்தைக்குப் போனது. பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்கும் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தியது. ‘பொம்பளை சைக்கிள் ஓட்டுறாளா?’ என்று சிரித்தவர்கள், அது வீட்டுக்கு உபயோகப்படுகிறது என்று தெரிந்ததும் அடங்கினார்கள். பெண்கள் சைக்கிளுக்காகப் பேசிய நாமும் அப்படித்தான் பேசியிருக்கிறோம். பள்ளிக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம், யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். எல்லாம் உண்மை. ஆனால் ஒரு பெண் எந்த உபயோகமும் இல்லாமல், வெறும் சந்தோஷத்துக்காக ஊர் தாண்டிப் போய்விட்டு வெறுங்கையோடு வரலாமா? அந்த இடத்தில் ஊரும் வீடும் மட்டுமல்ல, பல நேரம் நாமே தடுமாறுகிறோம். ஆபீஸில் “வெயிட் குறைக்கவா மேடம்?” என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அத்தனை பேருக்கும் நிம்மதி. ஞாயிறு காலையில் கிரிக்கெட் மட்டையோடு கிளம்பும் ஆணிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

சரி, சந்தோஷம் என்று சொன்னேன். அது எப்படிப்பட்ட சந்தோஷம் என்பதையும் சொல்ல வேண்டும்.

பெடலோடு ஷூவைப் பூட்டிக்கொள்ளும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடுபடும். வண்டி நிற்பதற்கு முன்பே திருப்ப வேண்டும். வாங்கிய முதல் வாரம், திருவான்மியூர் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நானும் விழுந்தேன். வேகமாகப் போய் விழுந்தாலாவது கௌரவம். நின்ற இடத்தில், வெட்டிய வாழைமரம் சாய்கிற மாதிரி, மெல்ல, இடது பக்கமாக, ஒரு ஷேர் ஆட்டோவின் அத்தனை பயணிகளும் பார்த்துக்கொண்டிருக்க. உள்ளே இருந்த அம்மா ஒருவர் இறங்கி வந்து தூக்கப் பார்த்தார். கால்கள் இரண்டும் சைக்கிளோடு பூட்டியிருந்ததால் சைக்கிளும் சேர்ந்து எழுந்தது. “என்னம்மா இது, கட்டிப்போட்டு வெச்சிருக்காங்க?” என்றார்.

விடியற்காலை நாலரை மணிக்கு எந்தத் தெருவில் எத்தனை நாய் என்பது எனக்கு மனப்பாடம். பக்கத்தில் பைக்கை மெதுவாக்கிக்கொண்டு “சீட்டைக் கொஞ்சம் இறக்குங்க சிஸ்டர்” என்று இரண்டு கிலோமீட்டர் கூடவே வந்து இலவச ஆலோசனை தரும் அண்ணன்களையும் தெரியும். உப்பளம் தாண்டிப் பங்சராகி, டயரைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நாலு பேர் நின்றார்கள். நாலு பேரும் “வீட்ல யாரும் வரலையா?” என்றுதான் கேட்டார்கள். ஐந்தாவதாக வந்த மீன்காரர் மட்டும் ஒன்றும் கேட்காமல், டியூபைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்து ஓட்டை எங்கே என்று காட்டிவிட்டுப் போனார். அவருடைய சைக்கிளில் கேரியர் கொள்ளாமல் மீன் கூடை. என்னுடையதன் விலை நாற்பதாயிரம், அதில் ஒரு தேங்காய் வைக்கக்கூட இடமில்லை. அந்த வேடிக்கையும் எனக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. கூட வரும் ஆண்கள் சவுக்குத் தோப்பைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டுகிறார்கள். அரை நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெண்கள் நிம்மதியாகப் போக ஒரு கழிப்பறை அடுத்து எங்கே வரும் என்று சொல்ல முடியாது. அதனால் நாங்கள் தண்ணீரை அளந்து குடிக்கிறோம். வெயிலில் பத்து மணி நேரம் ஓட்டுகிற உடம்புக்கு அது எவ்வளவு கெடுதல் என்று தெரிந்தே குடிக்காமல் இருக்கிறோம். என் முதல் பிரெவேயில் 140ஆவது கிலோமீட்டரில் தொடை இழுத்துக்கொண்டது. ஜனவரி மாதம், வடகிழக்குக் காற்று நேராக முகத்தில். ஒரு டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். கடைக்காரம்மா என் பாட்டில் இரண்டும் நிறைந்திருப்பதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “வீட்டுக்குப் பின்னாடி இருக்கு, போயிட்டு வா” என்றார். எதற்கு ஓட்டுகிறாய், எங்கே போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வந்ததும் உப்புப் போட்ட மோர் கொடுத்தார். அன்று 13 மணி நேரம் 4 நிமிடத்தில் முடித்தேன். அதில் குறைந்தது ஒரு மணி நேரம் அவர் கொடுத்தது.

ஓட்டுவதற்கு நாள் கிடைக்காத வாரங்களில் பந்தயம் பார்க்கிறேன். பிரான்ஸில் பிற்பகல் என்றால் நம் ஊரில் இரவுச் சமையல் நேரம். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, அடுப்பு மேடையில் போனைச் சாய்த்துவைத்து ஆல்ப்ஸ் மலை ஏறுவது எனக்குப் பழகிவிட்டது.

பந்தயத்தின் பழைய கதைகளைத் தேட ஆரம்பித்தால் அங்கேயும் நம் ஆட்கள். 1924இல் இத்தாலியின் ஜிரோ பந்தயத்தில் அல்ஃபோன்சினா ஸ்ட்ராடா ஆண்களோடு ஓட்டினார். பெயர்ப் பட்டியலில் கடைசி எழுத்து விழுந்து ‘அல்ஃபோன்சின்’ என்று ஆண் பெயர் மாதிரி அச்சாகியிருந்தது. மொத்தம் 3,613 கிலோமீட்டர். புயல் மழை அடித்த ஒரு நாளில் ஹேண்டில் பார் உடைந்துபோக, துடைப்பக் கட்டை ஒன்றைச் செருகிக்கொண்டு ஓட்டினார். நேரக் கெடு தாண்டிவிட்டது என்று கணக்கிலிருந்து நீக்கினார்கள். ஆனாலும் கூட்டம் அவரைப் பார்க்கத்தானே வருகிறது என்று தொடர்ந்து ஓட்ட விட்டார்கள். புறப்பட்ட 90 பேரில் மிலான் வரை வந்து சேர்ந்தவர்கள் 30 ஆண்கள், கணக்கில் இல்லாத அல்ஃபோன்சினா. துடைப்பத்தைப் பெண் கையில் கொடுத்தால் என்ன செய்வாள் என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

இன்னொன்று 2019இல் பெல்ஜியத்தில். ஆண்கள் பந்தயம் பத்து நிமிடம் முன்னால் புறப்பட்டது, பெண்கள் பந்தயம் பின்னால். சுவிட்சர்லாந்தின் நிக்கோல் ஹன்செல்மான் தனியே பிய்த்துக்கொண்டு போனார். போன வேகத்தில் ஆண்கள் பந்தயத்தின் பின்னால் வந்த வண்டிகளைத் தொட்டுவிட்டார். என்ன செய்தார்கள்? பெண்கள் பந்தயத்தை நிறுத்தினார்கள். ஆண்கள் கொஞ்சம் தூரம் போகட்டும் என்று சில நிமிடம் நிற்க வைத்தார்கள். நின்ற வேகம் நின்றதுதான். கடைசியில் ஹன்செல்மானுக்கு 74ஆவது இடம். இதை நான் ஆபீஸில் சொன்னபோது பெண்கள் யாருமே ஆச்சரியப்படவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் வந்த வாரம் அது.

டூர் டி பிரான்ஸ் 1903இல் தொடங்கியது. பெண்களுக்கு 1984இல் ஒன்று தொடங்கினார்கள். அமெரிக்காவின் மரியான் மார்ட்டின் வென்றார். 1989க்குப் பிறகு அதைக் கைவிட்டார்கள். 33 வருடம் கழித்து 2022இல்தான் மறுபடி முறையாக நடந்தது. 2021இல் முதன்முறை நடந்த பெண்கள் பாரிஸ்–ரூபே பந்தயத்தில், கல் பாவிய பகுதிகள் கொண்ட பாதையில் 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி, கையுறை போடாத கை கிழிந்து, ஹேண்டிலில் ரத்தம் படிய வென்றார் லிஸி டீக்னன். பரிசு 1,535 யூரோ. ஆண்களுக்கு 30,000.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர். கணித ஆய்வாளர். அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லாதவர். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் கொடி அசைத்த உடனே முன்னால் போனார். பின்னால் இருந்த பிரபலங்கள் அவர் ஒருவர் முன்னால் இருப்பதையே மறந்துபோனார்கள். ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதியில்லை. நெதர்லாந்தின் அன்னமீக் ஃபன் ஃப்ளூட்டன் கோட்டைத் தொட்டபோது தங்கம் தனக்குத்தான் என்று நினைத்து இரண்டு கையையும் தூக்கினார். அவருக்கு 75 வினாடி முன்பே கீசன்ஹோஃபர் வந்து சேர்ந்து தரையில் கிடந்தார். பிரபலம் இல்லாதவரை யாரும் எண்ணுவதில்லை. எண்ணாமல் விட்டதுதான் அவருக்குக் கிடைத்த வழி.

பந்தயம் பார்த்துக் கற்ற ஒரு சொல் உண்டு: டொமெஸ்டிக். அணித் தலைவிக்காக ஓட்டுபவர். காருக்குப் போய் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வருவார். முன்னால் போய் எதிர்க்காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொள்வார். பின்னால் ஒட்டி வரும் தலைவிக்குச் சக்தி மிச்சமாகும். கடைசி மலை வந்ததும் களைத்து ஒதுங்கிவிடுவார். மேடையில் அவர் இருக்கமாட்டார். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு வீட்டு வேலையாள் என்று அர்த்தம். படித்தபோது கையிலிருந்த பூரிக்கட்டையைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பந்தயத்தில் அந்த வேலைக்குப் பெயர் உண்டு, சம்பளம் உண்டு, ஜெயித்தவர் பரிசுப் பணத்தை அணியோடு பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமும் உண்டு. “இவர் இல்லாமல் அவர் ஜெயித்திருக்க முடியாது” என்று வர்ணனையாளர் வாய்விட்டுச் சொல்கிறார். எந்த வீட்டு ஹாலிலும் நான் இதுவரை கேட்காத வாக்கியம் அது.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2024 காட்டியது. மஞ்சள் சட்டையில் இருந்த டெமி ஃபோலரிங் ஐந்தாம் கட்டத்தில் கீழே விழுந்தார். நேரம் போயிற்று, சட்டையும் போயிற்று. கடைசி நாள் ஆல்ப் டூயெஸ் மலையில் அவர்தான் முதலில் வந்தார். போலந்தின் காஷியா நியெவியாடோமா ஒரு நிமிடம் பிந்தி வந்தார். எட்டுக் கட்டங்களின் கணக்கையும் கூட்டிப் பார்த்தால் நியெவியாடோமா நாலே நாலு வினாடியில் டூரை ஜெயித்திருந்தார். ஆண்கள் டூரிலும்கூட இவ்வளவு குறைந்த வித்தியாசம் இருந்ததில்லை. எங்கள் வீட்டில் அன்று சப்பாத்தி கருகியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாமியாரே போன் பக்கத்தில் நின்று, “அந்த விழுந்த பொண்ணு பாவம், கூட இருந்தவளுக யாராச்சும் நின்னு கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினேன். சனிக்கிழமை மாவு அரைப்பது, பிள்ளைகளின் டிபன், கேஸ் புக் பண்ணுவது என்று ஒரு தாளில் எழுதி எதிரே பெயர் போட்டோம். என் பெயருக்கு எதிரே ‘சைக்கிள்’ என்று மகள் எழுதினாள். கணவர் அதைப் பார்த்துவிட்டு, “இது வேலையா?” என்றார். “இல்ல, அதனாலதான் எழுதியிருக்கேன்” என்றாள் அவள்.

அடுத்த மாதம் முந்நூறு கிலோமீட்டர். இரவிலும் ஓட்ட வேண்டும், முன்விளக்கு ஒன்று புதிதாக வாங்க வேண்டும். கூட வர இரண்டு தோழிகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எதிர்க்காற்றில் ஆளுக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் போவது என்று பேசி வைத்திருக்கிறோம்.