பதவி பறித்தால் பழி தீருமா?

பெர்லின்

அருப்புக்கோட்டை, திருச்சுழி உறவுகளே,

இங்கே வெட்டிங் பகுதியில் ஒரு சாலைக்கு 1939-ல் கார்ல் பீட்டர்ஸ் பெயரை வைத்தார்கள். 1884-ல் இன்றைய தான்சானியா மண்ணில் ஊர்த்தலைவர்களிடம் கைநாட்டு வாங்கி, ஜெர்மனிக்கு நிலம் சேர்த்தவர் அவர். 1891-ல் கிளிமஞ்சாரோ பகுதியின் ஆணையரானார். தன்னிடம் வேலை பார்த்த மப்ருக்கையும் யகோஜா என்ற இளம்பெண்ணையும் தூக்கில் போட்டார், ஊர்களை அழித்தார். 1897-ல் ஒழுங்கு மன்றம் அவருடைய பதவியைப் பறித்தது. அதோடு சரி. பிறகு ஜெர்மன் பேரரசர் கைசர் ஓய்வூதியம் தந்தார். 1937-ல் ஹிட்லர் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தார்.

இதைப் படித்ததும் நம் கரிசல் காட்டு வழியே போன ஓர் அதிகாரி நினைவுக்கு வந்தார்: ராமநாதபுரம் கலெக்டர் ஜாக்சன். 1798-ல் பாளையக்காரர் கட்டபொம்மனை நேரில் வரச்சொல்லிவிட்டு, குற்றாலம், ஸ்ரீவில்லிபுத்தூர், பாவாலி, பள்ளிமடை, கமுதி என்று ஊர் ஊராகத் தன் பின்னால் அலையவிட்டார். செப்டம்பரில் ராமநாதபுரத்தில் பேட்டி கைகலப்பாக முடிந்தது. கிழக்கிந்தியக் கும்பினியின் லெப்டினன்ட் கிளார்க் இறந்தார். பாளையக்காரரின் செயலர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். கும்பினி விசாரணை நடத்தி ஜாக்சனை நீக்கியது.

குடிகளுக்கு அதனால் விடிவு வந்ததா? அடுத்து வந்தவர் லூஷிங்டன். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் மயிலப்பன் சேர்வைகாரர் தலைமையில் மக்கள் எழுந்தார்கள், அதையும் ஒடுக்கினார்கள். லூஷிங்டனோ 1827-ல் சென்னை மாகாண ஆளுநராகவே வந்து அமர்ந்தார்.

இரண்டு கண்டங்களிலும் நடந்தது ஒன்றுதான். தவறிய அதிகாரியை நீக்கி அரசு தன் பெயரைக் காத்துக்கொண்டது. அவரை அனுப்பிய ஆட்சியோ அப்படியே நின்றது. பதவிநீக்கத்தை நீதி என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

2024 ஆகஸ்டில் பீட்டர்ஸ் சாலைக்குப் புதுப்பெயர்கள் வந்தன. ஒரு பகுதிக்கு, ஜெர்மன் ஆட்சியை எதிர்த்து 1905-ல் மூண்ட மாஜி மாஜிப் போரின் பெயர். மறு பகுதிக்கு, 1959-ல் இன்றைய நமீபியாவின் விண்ட்ஹூக்கில் சுட்டுக் கொல்லப்பட்ட அன்னா முங்குண்டாவின் பெயர். ஆப்பிரிக்க வம்சாவளியினரும் உள்ளூர்க்காரர்களும் பல்லாண்டு போராடிப் பெற்றது இது.

நம் ஊரில் மாற்றுவதற்கு ஜாக்சன் பெயரில் சாலை இல்லை. ஆனால் அந்த வழித்தடம் நம் வாசலில் கிடக்கிறது. பாவாலியிலிருந்து கமுதி வரை ஊருக்கு ஒரு பலகை வையுங்கள். 1798-ல் யார் வந்தார், யாரை அலையவிட்டார், அடுத்து எழுந்தவர்கள் யார் என்று அதில் எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகளை அந்த வழியே கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுங்கள். கலெக்டர்களின் வரிசையைக் கும்பினி எழுதி வைத்துவிட்டது. குடிகளின் கதையை நாம்தான் எழுத வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்