எலிக்கு ஒரு பரண்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முதியோர் வழங்கும் பழமொழி. வீட்டின் அருமையை எடுத்துரைக்க வந்தோர் யானைக் கொட்டிலையும் குதிரை லாயத்தையும் விடுத்து எலி வளையைத் தேர்ந்துகொண்டது சிந்தித்தற்குரியது. யானைக்கும் குதிரைக்கும் பிறர் இல்லம் அமைக்கின்றனர். எலியோ தன் உடம்பின் அளவறிந்து தானே அகழ்ந்து தன் இல்லத்தை அமைத்துக்கொள்கின்றது. ஆயினும், கம்பிக்கூட்டில் வளரும் எலிக்கு அவ்வுரிமை இல்லை. அதற்குத் தட்டும் பரணும் அமைத்துத் தரும் கடமை வளர்ப்போரைச் சார்ந்ததாகின்றது. அக்கடமையை மேற்கொண்ட வழி யாம் அறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

எலியைக் குறித்தும் ஒரு கட்டுரையோ எனச் சிலர் நகைக்கக்கூடும். தொல்காப்பியனார் மரபியலில் இளமைப்பெயர்களை வகுத்தபோது, கீரி, காட்டுப்பூனை, மூவரி அணில் ஆகியவற்றோடு எலியையும் ஒருங்கு வைத்துக் 'குட்டி' என்னும் பெயரை அதற்கும் உரிமையாக்கினார். இலக்கணம் இடந்தந்த உயிருக்கு எம் கட்டுரையும் இடந்தருதல் குற்றமாகாது. மேலும், யாம் வளர்த்தவை களஞ்சியத்தைச் சூறையாடும் எலிகள் அல்ல. பன்னெடுங் காலமாக மனிதர் கையிற் பழகிவந்த வெள்ளெலிகள். அமெரிக்காவிலுள்ள விஸ்டார் ஆராய்ச்சி நிலையத்தில் 1906ஆம் ஆண்டு முதல் வளர்க்கப்பட்ட வெள்ளெலி மரபு இன்று உலகெங்கும் ஆராய்ச்சிக்கூடங்களிற் பரவியுள்ளது. குழந்தைகளுக்குக் கதை எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் 1908இல் வெளியிட்ட நூலொன்றைத் தாம் வளர்த்த வெள்ளெலியின் நினைவுக்கே உரிமையாக்கினார்.

எம் இல்லத்துக்கு வந்தவை ஒருதாய் வயிற்றுப் பெண்ணெலிகள் இரண்டு. எலி தனித்து வாழ விரும்பாத உயிராதலின் இரண்டாகவே கொண்டுவந்தோம். முல்லை என்றும் மௌவல் என்றும் பெயரிட்டோம். அவற்றின் கூடு 60 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் 75 சென்டிமீட்டர் உயரமும் உடையது. உயரம் இருந்தும் அவ்வுயரத்தால் அவற்றுக்குப் பயனில்லை. ஏறியிருக்க இடமில்லாமையால் தரையளவே அவற்றின் உலகமாயிற்று. ஏறுதலோ எலியின் இயல்பு. எனவே உள்ளே மூன்று மரத்தட்டுகள் அமைக்கத் துணிந்தோம்.

முதலில் மரத்தைத் தேர்தல் வேண்டும். எலியின் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன; ஆதலின் அது கிடைத்ததை எல்லாம் கொறிக்கும். நாம் வைக்கும் தட்டு அதற்கு இருக்கையாவதோடு கொறிக்கும் பண்டமும் ஆகும். வண்ணம் பூசிய பலகையும் வார்னிஷ் இட்ட பலகையும் பசையால் ஒட்டிய பலகையும் இதனால் விலக்கத்தக்கன. பிசின்மணம் கமழும் புதிய பைன் மரமும் ஆகாது. அம்மணம் எலியின் மூச்சுக்குழலை உறுத்தும். பண்டங்கள் வந்திறங்கிய பழைய மரப்பெட்டியொன்று எமக்குக் கிடைத்தது. கடல் கடந்து வரும் பெட்டிகளில் கோதுமைக் கதிர் போன்றதொரு முத்திரை காணப்படும். 2002இல் நாடுகள் உடன்பட்டு வகுத்த விதியின்படி இடப்படுவது அது. அதனருகே 'எச்.டி.' என்றிருப்பின், மரத்தின் உட்பகுதி 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடமேனும் இருந்தது என்பது பொருள். 'எம்.பி.' என்றிருப்பின் மெதைல் புரோமைடு என்னும் நச்சுப்புகை ஊட்டப்பட்டது என்பது பொருள். எம் பெட்டியில் முன்னதே கண்டு மகிழ்ந்தோம். உலர்ந்து மணமற்றிருந்த அப்பலகைகளை மட்டும் பிரித்தெடுத்தோம்.

அளவுப்படி அறுத்துத் தருமாறு எம் தெருவிலுள்ள தச்சரிடம் கொண்டுசென்றோம். அவர் கூட்டையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "தம்பி, நாலு கம்பியைச் சுற்றிக் கட்டி ஆணி அறைந்துவிட்டால் ஆயுசுக்கும் அசையாதே" என்றார். "அண்ணாச்சி, இதை அடிக்கடி கழற்றிக் கழுவவேண்டுமே" என்றதும் சற்று யோசித்து, 'எல்' வடிவான சிறு எஃகுத் தகடுகளை எடுத்துக் காட்டினார். தகட்டின் ஒரு கை பலகையின் அடியிற் பொருந்தும். மற்றொரு கை கம்பிச்சுவரை அணைந்து நிற்கும். கம்பிகளின் இடைவெளி வழியே போல்ட் ஒன்றைச் செலுத்தி, வெளிப்புறம் அகன்ற வாஷர் இட்டு நட்டை முறுக்கினால் தட்டு உறுதியாக நிற்கும். பலகை 18 மில்லிமீட்டர் கனம். அதன் அடியிற் செலுத்திய திருகாணி 12 மில்லிமீட்டர் நீளம். ஆணி பலகையின் கனத்தை மிஞ்சினால் அதன் கூர் மேலே எழுந்து எலியின் பாதத்தைக் கிழிக்குமன்றோ! ஓரங்களையும் மூலைகளையும் உப்புத்தாள் கொண்டு மழுக்கித் தந்த அத்தச்சர், கூலி வாங்க மறுத்து, எலிகளைக் கொண்டுவந்து காட்டுமாறு மட்டும் கேட்டார்.

தட்டுகளை அமைக்கும் இடம் அதனினும் கருதத்தக்கது. வெள்ளெலியின் செங்கண்கள் அழகியவேனும் பார்வை மங்கியவை. அது தாவுமுன் தலையை இருபுறமும் அசைத்துத் தொலைவை அளந்துகொள்ளும். ஆதலின் தரையிலிருந்து 15, 30, 45 சென்டிமீட்டர் உயரங்களில், ஒன்றன் நேர்மேல் மற்றொன்று வாராமல், வெவ்வேறு சுவர்களில் அமைத்தோம். தட்டில்லாத வெளியிற் பழைய வேட்டித் துணியால் ஒரு தூளி கட்டினோம். தவறி விழும் உயிரைத் துணி தாங்கும். முதல் நாளிலேயே இரண்டும் உச்சித் தட்டை அடைந்து, ஒன்றன்மேல் ஒன்று தலைசாய்த்து உறங்கின. அன்று முதல் அதுவே அவற்றின் பள்ளியறையாயிற்று.

மரம் சிறுநீரை உறிஞ்சும். அதிலிருந்து எழும் அம்மோனியா நெடி எலியின் நுரையீரலுக்குப் பகை. எனவே இரண்டு தொகுதித் தட்டுகள் செய்து, வாரந்தோறும் ஒன்றைக் கழற்றிக் கழுவி வெயிலில் உலர்த்தி, மற்றதை மாட்டிவந்தோம். கழுவுதற்கென்றே இட்ட அந்நட்டுகள் பின்னர் வேறொரு காரியத்துக்கும் உதவின.

வெள்ளெலியின் வாழ்நாள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளே. மௌவலுக்கு இரண்டு வயது கடந்தபின் அதன் பின்னங்கால்கள் தளர்ந்து இழுபடத் தொடங்கின. கால்நடை மருத்துவர் சோதித்து, இது முதுமையில் எலிகளுக்கு வருவது என்றும், மருந்தால் மீளாது என்றும், இருப்பிடத்தை எளிதாக்குவதே செய்யத்தக்கது என்றும் கூறினார். மௌவலோ பழைய பழக்கத்தால் முன்னங்கால்களைக் கொண்டே தொங்கித் தொங்கி உச்சித் தட்டுக்கு ஏற முயன்றது. ஓரிரவு தூளியில் விழுந்தது. தட்டுகள் அனைத்தையும் எடுத்துவிடலாம் என்றான் எம் தம்பி. எடுத்தால் விழாது என்பது மெய்யே. ஆனால் இரண்டாண்டுகள் உறங்கிய இடமும் இல்லாதுபோம். யாம் நட்டுகளைத் தளர்த்தி, மூன்று தட்டுகளையும் 5, 10, 15 சென்டிமீட்டர் உயரங்களுக்கு இறக்கி, அவற்றை இணைக்கும் சாய்பலகைகளில் வழுக்காதபடி முரட்டுத்துணி சுற்றினோம். நலமாயிருந்த முல்லைக்கு மேலே ஏற ஒரு பருத்திக் கயிறு கட்டினோம்.

மௌவல் முதலிற் பழைய இடத்தின் நேர்கீழே சென்று மூக்கை உயர்த்தி நெடுநேரம் மோந்தது. பின் மெல்லத் திரும்பி, சாய்பலகைகள் வழியே ஏறி, மூன்றாம் தட்டில் தன் மூலையைக் கண்டுகொண்டது. அன்றிரவு முல்லையும் கயிற்றை விட்டிறங்கி அதனருகே படுத்தது. அதன்பின் மௌவல் பதினொரு வாரம் வாழ்ந்தது. ஒருநாளும் தரையில் உறங்கவில்லை.

தட்டுகளை மீண்டும் உயர்த்துக என்றனர் இல்லத்தார் சிலர். முல்லைக்கும் வயது அதுவேயாதலின் யாம் உயர்த்தவில்லை. எவ்வுயிர்க்காயினும் இல்லம் அமைப்போர், அவ்வுயிர் இன்று ஏறும் உயரத்தோடு நாளை ஏறமாட்டாத உயரத்தையும் எண்ணி, இறக்குதற்கு வழிவைத்தே பலகையை மாட்டுவாராக.