கச்சேரியும் கார்ப் பந்தயமும்

லஸ் நாகேஸ்வர ராவ் பார்க்குக்கு ஜனங்கள் உடம்புக்காக நடக்க வருகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். மயிலாப்பூர்வாசிகளுக்கு விஷயம் தெரியும். காலை ஆறு மணிக்குக் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காதுக்காக வருகிறவர்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "இந்த வருஷம் அந்த ஸபாவில் அவருக்கு மாலைக் கச்சேரி இல்லையாம்", "வயலின்காரருக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாதாம்", "பாங்கிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்களாம், ஜவுளிக் கடைதான் பணம் தருகிறதாம்." இந்த 'ஆம்' என்கிற இரண்டெழுத்துச் சமாசாரம் இல்லாவிட்டால் தமிழ்ப் பாஷை எவ்வளவு ஏழையாகிப் போயிருக்கும்! சொன்னதற்குப் பொறுப்பு ஏற்க வேண்டாம். சொல்லாமல் இருந்த கஷ்டமும் இல்லை.

அந்தப் பார்க்கில் ஒரு பெஞ்சு மட்டும் ஸங்கீதத்துக்கு அப்பாற்பட்டது. அம்பத்தூரில் மோட்டார் உதிரி பாகத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அங்கே உட்காருவார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ராலி. உலகத்தில் எங்கே எந்தக் காட்டுப் பாதையில் எந்தக் கார் பறந்தாலும் அவருக்கு மறுநாள் காலையில் தகவல் வந்துவிடும். யார் எந்தக் கம்பெனியை விட்டு எந்தக் கம்பெனிக்குத் தாவப் போகிறார், எந்தக் கம்பெனி அடுத்த வருஷம் கடையைக் கட்டப் போகிறது என்பதெல்லாம் அவருக்குக் காப்பிக்கு முந்திய ஆகாரம்.

ராலி என்றால் வட்டப் பாதையில் எல்லாரும் ஒன்றாகப் புறப்பட்டு முட்டி மோதுவது என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி இல்லையாம். (பாருங்கள், எனக்கும் வந்துவிட்டது.) ஒவ்வொரு காராகத் தனித் தனியே புறப்படும். மண் சாலை, மலைச் சாலை, பனிச் சாலை எல்லாம் உண்டு. கடிகாரத்தோடுதான் போட்டி. ஓட்டுகிறவர் பக்கத்தில் நாவிகேட்டர் என்று இன்னொருவர் உட்கார்ந்து, "நூறு மீட்டர், வலது நாலு, மேடு, இடது இரண்டு" என்று நோட்டுப் புத்தகத்திலிருந்து வாசித்துக்கொண்டே வருவார். வளைவுக்கு அந்தப் புறம் என்ன இருக்கிறது என்பது ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து ஆசாமியின் குரலை நம்பி அவர் காலை அழுத்துகிறார். அந்தக் குறிப்பை இரண்டு பேருமாகப் பந்தயத்துக்கு முன்பே மெதுவாக அந்தப் பாதையில் போய்ப் பார்த்து எழுதியிருப்பார்கள்.

இன்ஜினீயர் சொன்ன கதைகளில் என் மனசில் தங்கிவிட்டது 2016-ஆம் வருஷத்துக் கதை. ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் கம்பெனி நாலு வருஷம் தொடர்ந்து உலகப் பட்டத்தை வாங்கியிருந்தது. அதன் ஓட்டுநர் ஃபிரான்ஸ் தேசத்து செபாஸ்டியன் ஓஜியே. அவருக்கும் நாலு பட்டம். அடுத்த வருஷத்துக்குப் புதுக் கார் தயார். நவம்பர் 2-ஆம் தேதி, ஸீஸனில் இன்னும் ஒரு பந்தயம் பாக்கி இருக்கும்போதே, "நாங்கள் விலகுகிறோம்" என்று கம்பெனி அறிவித்துவிட்டது. அதற்கு முந்தின வருஷம் டீஸல் புகை விஷயத்தில் செய்த மோசடி வெளியே வந்து கோடி கோடியாக அபராதம் கட்டிக்கொண்டிருந்த கம்பெனி அது. உலக சாம்பியன் ஒரே நாளில் உத்தியோகம் இல்லாதவராகி நின்றார். பிறகு ஒரு மாதம் முழுக்க வதந்திதான். கடைசியில் இங்கிலாந்தின் வடக்கே, கம்பெனி பலம் அதிகம் இல்லாமல் ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டிருந்த எம்-ஸ்போர்ட் என்ற பட்டறைக்குப் போனார். 2017, 2018 இரண்டு வருஷமும் பட்டம் அவருக்கே.

2008 டிசம்பரிலும் இப்படித்தான். உலகச் சந்தை சரிந்த சமயம். ஒரு நாள் ஸுஸுகி விலகிற்று, மறுநாள் ஸுபாரு. நீல வர்ணக் காரில் '555' என்று சிகரெட் கம்பெனிப் பெயர் எழுதிக்கொண்டு ஒரு காலத்தில் ஓடிற்றே, அந்த ஸுபாருதான். பர்மா பஜாரில் அந்த சிகரெட்டை மறைத்து வைத்து விற்ற காலம் பலருக்கு நினைவிருக்கும்.

கேட்கக் கேட்க எனக்கு டிசம்பர் ஸீஸன்தான் ஞாபகம் வந்தது. வித்வானுக்குப் பின்னால் துணியில் எண்ணெய்க் கம்பெனி, பாங்கி, பட்டுக் கடை என்று எழுதித் தொங்குகிறது. இங்கே அதையே காரின் கதவில் ஒட்டுகிறார்கள். பாட்டு நன்றாக இருந்தால் மட்டும் மாலை ஏழு மணி கிடைத்துவிடுவதில்லை. அப்பா யார், குரு யார், யாருக்காக எந்தப் புரவலர் செக் எழுதுகிறார் என்பதும் சேர வேண்டும். கார் விஷயத்தில் செக்கின் நீளம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

நம் பையன்கள் கதையையே எடுத்துக்கொள்ளுங்களேன். கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஜார்டன் காரில் ஏறி, ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். டாட்டா பெயரும் கூடவே சென்றது. 2011-இல் ஸ்பெயின் நாட்டு ஹிஸ்பானியா குழுவில் ஓட்டிக்கொண்டிருந்தவரைப் பாதி வருஷத்தில் இறக்கிவிட்டு, ரெட்புல் பணத்தோடு வந்த ஆஸ்திரேலியப் பையன் டேனியல் ரிக்கார்டோவை ஏற்றினார்கள். நம் சென்னை கருண் சந்தோக்குக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. அவர் தாத்தா மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை ஆரம்பித்தவர்களில் ஒருவர். அப்பா ராலி ஓட்டியவர். 2010-இல் அதே ஹிஸ்பானியாவில் இடம் கிடைத்தது. பஹ்ரைனில் தகுதிச் சுற்று நடக்கிறபோதுதான் அந்தக் காரை அவர் முதன்முதல் ஓட்டினார்! ஒத்திகையே இல்லாமல் ம்யூஸிக் அகாடமி மேடையில் ஏற்றிவிட்ட மாதிரி. பத்துப் பந்தயம் ஆனதும் அந்த இடத்தில் ஜப்பான்காரர் ஒருவர் உட்கார்ந்தார். நன்றாக ஓட்டவில்லை என்றா? பார்க் பெஞ்சுக்கு அதில் வேறு அபிப்பிராயம் உண்டு.

இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு, நமக்கென்ன என்று நானும் இருந்திருப்பேன். ஆனால் கம்பெனி விலகப் போகிறது என்ற வதந்தி இந்த ஊரில் வெறும் விளையாட்டுச் செய்தி ஆகாது. ஹ்யூண்டாய் தொழிற்சாலை இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில்தான் கார்ப் பந்தய மைதானமும் இருக்கிறது. மறைமலை நகரில் ஃபோர்டு இருந்தது. 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று அது அறிவித்தது. மறு வருஷம் கடைசிக் கார் வெளியே வந்தது. அதற்குப் பிறகு "இன்னார் வாங்குகிறார்களாம்", "திரும்பி வருகிறார்களாம்" என்று வதந்தி ஓயவில்லை. 2024 செப்டம்பரில்தான், ஏற்றுமதிக்காக அந்தத் தொழிற்சாலையைத் திரும்ப உபயோகிக்க விரும்புகிறோம் என்று கம்பெனியே சர்க்காருக்குக் கடிதம் கொடுத்தது. நடுவிலிருந்த மூன்று வருஷம் அந்த வாசலில் டீக்கடை வைத்திருந்தவனுக்கு எப்படிக் கழிந்திருக்கும்? ராலியில் ஃபோர்டு கார் நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நல்ல செய்தியும் உண்டு. அது மட்டும் பார்க்கில் அதிகம் அடிபடுவதில்லை. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கு பலூன் செய்து ஆரம்பித்ததுதான் எம்.ஆர்.எஃப். அந்த டயரைப் போட்டுக்கொண்டு 2022-இல் எஃப்ரேன் யரேனா என்ற ஸ்பானியர் ஐரோப்பிய ராலிப் பட்டத்தை வாங்கினார். இதை நான் சொன்னபோது, "அது வதந்தி இல்லையே, நடந்துவிட்டதே" என்று ஒரு பெரியவர் ஆர்வம் குன்றிப் பேச்சை மாற்றினார்.

சரி, என் அக்கா பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். மாம்பலத்தில் இருக்கிறான். பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் உத்தியோகம். சனி ஞாயிறு வந்தால் சிநேகிதன் ஒருவன் ஓட்டும் காரில் நாவிகேட்டர். சிநேகிதனின் அப்பா பட்டறை வைத்திருப்பவர்; புதுப்பேட்டையில் பொறுக்கி எடுத்த சாமான்களைப் போட்டு ஒரு பழைய காரை ராலிக்குத் தயார் செய்திருந்தார். அடுத்த வருஷம் தேசிய ராலி முழுவதும் ஓட வேண்டுமென்றால் அது போதாது. வேறு கார், உள்ளே இரும்புக் கூண்டு, தீப்பிடிக்காத உடுப்பு, டயர், நுழைவுக் கட்டணம், லாரி வாடகை. கணக்குப் போட்டால் என் அக்கா பிள்ளையின் பங்கு மட்டும் எட்டு லட்சம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய கம்பெனி இந்தப் பையன்களுக்கு ஸ்பான்ஸர் செய்யப் போகிறது என்ற சமாசாரம் கிளம்பிற்று. பனகல் பார்க் அருகே கேட்டபோது ஐந்து லட்சம். மயிலாப்பூர் வருவதற்குள் பதினைந்து. அடையாறில் ஒரு கல்யாண ரிஸப்ஷனில், பையன் ஃபின்லாந்துக்கே பயிற்சிக்குப் போகப் போகிறான் என்று என்னிடமே ஒரு மாமி சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்திம்பேர் என் வீட்டுக்கு வந்தார். பாங்கியில் காஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறத்தியார் பணத்தை எண்ணியே விரல் தேய்ந்தவர். பையில் காகிதங்கள். மாம்பலம் ஃப்ளாட்டின் பேரில் எட்டு லட்சம் கடன். கம்பெனிப் பணம் வந்ததும் அடைத்துவிடலாம். நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்.

"நீர் போய் இதை நம்பலாமா?" என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"உமக்கு சோழவரம் ஞாபகம் இருக்காது. நான் காலேஜ் படிக்கிறச்சே பஸ் பிடிச்சு, மூணு மைல் நடந்து போவோம். பழைய யுத்த கால விமான ஓடுபாதை. ஒரு மரம் கிடையாது. விஜய் மல்லையா ஒரு ஃபார்முலா ஒன் காரை, அதான் அந்த என்ஸைன், கொண்டு வந்து ஓட்டினான் பாரும், சத்தத்திலே நெஞ்சு அதிர்ந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னுண்டு நாளெல்லாம் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் போக என்ன வேணும்னு அப்போ கேட்கக்கூடத் தெரியலை."

அந்த மல்லையா பின்னால் ஃபார்முலா ஒன் குழுவையே விலைக்கு வாங்கி, ஃபோர்ஸ் இந்தியா என்று பெயர் வைத்து, ஒரு பந்தயத்தில்கூட இந்தியரை ஓட்ட விடாமல், 2018-இல் குழு கடனில் மூழ்கியதை நான் சொல்லவில்லை. சொல்லும் நேரம் இல்லை அது. இருபது வயசில் வெயிலில் நின்ற ஒருவர் என் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பையனைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"கம்பெனியிலேருந்து லெட்டர் இருக்காடா?"

"இல்லை மாமா. சொல்லியிருக்கா."

"யார் சொன்னா?"

"அங்கே வேலை பார்க்கிறவர் ஒருத்தருக்குத் தெரிஞ்சவர்."

"உன் ராலி நோட்டுப் புத்தகத்திலே, நீ போய்ப் பார்க்காத வளைவை யாரோ சொன்னான்னு எழுதுவியா?"

அவன் பதில் பேசவில்லை. முகம் சிவந்து எழுந்து போனான். கோபித்துக்கொண்டான் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு நேரே அந்தக் கம்பெனிக்குப் போயிருக்கிறான். வரவேற்பு அறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, விளம்பர இலாகா அதிகாரியைப் பார்த்துவிட்டான். அவர் நல்ல மனுஷர். காப்பி கொடுத்து, இவன் கொண்டுபோன படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, "தம்பி, நன்றாயிருக்கிறது, ஆனால் இப்படி ஒரு பேச்சு இங்கே எழுந்ததே இல்லையே" என்றாராம். அங்கிருந்து மாம்பலம் வரை நடந்தே வந்து, அப்பாவிடம் தானே சொன்னான். எனக்கு அந்த இடம்தான் பெரிதாகத் தோன்றுகிறது. எத்தனையோ வளைவுகளை அவன் ஓட்டுநருக்கு வாசித்திருப்பான். இதை வாசிப்பது சுலபமாக இருந்திருக்காது.

அத்திம்பேர் ஒன்றும் சொல்லாமல் மோர் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாராம். அக்கா என்னிடம் டெலிபோனில் சொன்னாள்: "அவர் கடன் வாங்கியிருக்க முடியாதுடா. லாக்கர் சாவி எங்கிட்டே இருக்கு. பத்திரம் உள்ளேதான் இருக்கு. கேட்கட்டும்னு காத்திண்டிருந்தேன். நீ கேட்டியோ இல்லையோ, அவன் போய்க் கேட்டுண்டு வந்துட்டான்."

பையன்கள் அந்த வருஷம் தேசிய ராலி முழுவதும் ஓடவில்லை. பழைய காரிலேயே இரண்டு பந்தயம் ஓடினார்கள். ஒன்றில் ரேடியேட்டர் கிழிந்து பாதியில் நின்றது. மற்றொன்றில் தங்கள் வகுப்பில் நாலாவதாக வந்தார்கள். அத்திம்பேர் இரண்டுக்கும் போய், இந்தத் தடவை வேலிக்கு உட்புறம், தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஸ்பான்ஸர் கிடைக்காமலும் போகவில்லை. அக்கா வாடிக்கையாகப் போகும் தெருமுனைக் காப்பிப் பொடிக் கடைக்காரர் பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்தார். அதற்குக் கையெழுத்துப் போட்ட லெட்டர் வாங்கிக்கொண்டான் பையன். காரின் இடது கதவில், நாவிகேட்டர் பக்கத்தில், டம்ளரும் டபராவும் படமாக ஒட்டியிருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் மூன்று வீடுகளிலும் அந்தக் கடைப் பொடிதான். சிக்கரி கொஞ்சம் தூக்கல்.