கோவளத்து முகத்துவாரமும் சேவல் கழுத்து இறகும்

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்துக்குப் போகிறவர்கள் கடலுக்கு முன்னால் உப்பைப் பார்ப்பார்கள். கேளம்பாக்கத்தைத் தாண்டியதும் சாலையோரம் பாத்தி பாத்தியாக உப்பளம். அதை ஒட்டி உவர்நீர்க் கழி, நடுவே பக்கிங்ஹாம் கால்வாய். கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்தால் ஊர் வந்துவிடும். கார்மேல் மாதா கோயிலும் தமீம் அன்சாரி தர்காவும் மீனவர் குடியிருப்பும் ஒரே சிறு ஊருக்குள் நெருங்கி நிற்கின்றன. ஆற்காட்டு நவாப் இங்கே கோட்டை கட்டினார், பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1752-ல் ராபர்ட் கிளைவ் அதைக் கைப்பற்றினார். அந்தக் கோட்டையிருந்த மேட்டில் இன்று நட்சத்திர விடுதி இருக்கிறது. கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அலைச்சறுக்கு பழக வரும் இளைஞர் கூட்டமும் அதிகம்.

இந்தக் கூட்டத்தில் சேராத சிலர் விடிவதற்கு முன்பே வருகிறார்கள். பாறைக்கரை ஓரத்திலும் முட்டுக்காடு முகத்துவாரப் பக்கமும் கையில் கழியோடு நிற்பார்கள். சென்னையிலிருந்தும் புறநகரிலிருந்தும் வருகிற தூண்டில் பிரியர்கள் இவர்கள். பெரும்பாலோர் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மீனையோ உயிருள்ள இறாலையோ முள்ளில் மாட்டி வீசுகிறார்கள். மிகச் சிலரிடம்தான் இறகாலும் நூலாலும் தாங்களே கட்டிய பொய்யிரை இருக்கும். அதற்கு ஆங்கிலத்தில் 'ஈ' என்று பெயர். நம் ஊர் ஆர்வலர்களும் 'ஃப்ளை' என்றே சொல்கிறார்கள். மீன் பிடிப்பவர்களின் பொழுதுபோக்குக்கு உழவர் இதழில் என்ன இடம் என்று கேட்கலாம். அந்த ஃப்ளை கட்டத் தேவைப்படும் பொருள்களில் பாதி கோழிப்பண்ணையிலும் ஆட்டுக்கொட்டிலிலும் கிடைப்பவை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தண்ணீரைப் பார்த்துவிடலாம். முட்டுக்காட்டுக் கழி ஆண்டு முழுவதும் கடலோடு ஒரே மாதிரி சேர்ந்திருப்பதில்லை. கோடையில் வரத்து குறைந்ததும் அலை கொண்டுவரும் மணல் வாயை அடைக்கும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் பெருகினால் மணல் உடைந்து வாய் திறக்கும். வாய் திறந்திருந்தால்தான் கடல் நீர் உள்ளே வரும், அதோடு மடவை, இறால், கொடுவா குஞ்சுகளும் வரும். அடைந்தே கிடந்தால் கழி நாற்றமெடுக்கும். மணலை அள்ளி வாயைத் திறந்துவிடும் வேலை அவ்வப்போது நடக்கிறது. ஆனாலும் மேலே இருக்கும் குடியிருப்புகளின் கழிவுநீர் இதே கழியில்தான் வந்து சேர்கிறது. வலை போடுகிறவருக்கும் தூண்டில் போடுகிறவருக்கும் இந்த வாய்தான் பிழைப்பின் கதவு.

தூண்டில்காரர்கள் இங்கே மிகவும் தேடுவது கொடுவா. ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி என்று கொண்டாடப்படுவதும் இதே மீன்தான். இறால், மீன் பண்ணையாளர்களுக்கு இது புதிதல்ல. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுப் பண்ணை முட்டுக்காட்டிலேயே இருக்கிறது. இந்தியாவில் கொடுவாவைப் பண்ணைச் சூழலில் இனப்பெருக்கம் செய்யவைத்துக் குஞ்சு எடுத்ததில் அந்த நிறுவனம் 1997-ல் வெற்றி பெற்றது. கொடுவா கடலில் முட்டையிடும், குஞ்சுகள் கழிமுகத்துக்கு வந்து வளரும். இன்னொரு விசித்திரம், அது ஆணாகத்தான் முதலில் பருவமடைகிறது. சில ஆண்டுகள் கழித்து, உடல் பெருத்த பிறகு பெண்ணாக மாறுகிறது. எனவே ஐந்தாறு கிலோவுக்கு மேல் கிடைக்கும் பெரிய கொடுவா பெரும்பாலும் தாய்மீன். இதைப் பின்னால் மறுபடி பார்ப்போம்.

பொய்யிரை என்பது மீனவர்களுக்கு நகரத்திலிருந்து வந்த புதுமை அல்ல. தமிழகக் கடற்கரையின் பல ஊர்களில் ஒரே தங்கூசியில் வரிசையாக முள் கட்டி, ஒவ்வொரு முள்ளிலும் பளபளக்கும் சரிகை நூலோ பட்டு நூலோ வெள்ளை இறகோ சுற்றி இறக்குவார்கள். இரை எதுவும் தேவையில்லை. நூல் மினுங்குவதைச் சின்ன மீன் கூட்டம் என்று நம்பிக் கானாங்கெளுத்தியும் பாறையும் கவ்வும். கணவாய்க்கு வேறு வகைப் பொய்யிரை உண்டு. எந்த நிறம் எந்தத் தண்ணீருக்கு எடுபடும் என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். அதைச் சட்டென்று வெளியில் சொல்லிவிட மாட்டார்கள்.

ஃப்ளை முறை கொஞ்சம் வேறு. சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் அல்லது இரையின் எடைதான் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளைக்கு எடையே இருக்காது, காற்றில் மிதக்கும் இறகு அது. அதனால் இங்கே கயிற்றையே எடையுள்ளதாகச் செய்திருப்பார்கள். கழியை முன்னும் பின்னும் வீசி, கயிறு சாட்டைபோல விரிந்து போகும்போது நுனியில் இருக்கும் இறகும் போய் விழும். கோவளத்தில் காலையில் காற்று அடங்கியிருக்கும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்தான் இதற்குத் தோது. கடற்காற்று எழும்பிவிட்டால் இறகு வீசியவர் முதுகிலேயே வந்து குத்தும்.

இந்தக் கலைக்கு வயது அதிகம். கி.பி. 200 வாக்கில் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் ஆற்று மீனுக்காகத் தூண்டில் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவல் இறகு இரண்டைக் கட்டுவதைக் குறித்து வைத்திருக்கிறார். நம் பக்கத்தில் மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சலிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் மீன்பிடி பற்றி ஒரு பெரிய நூலையும், 1887-ல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவது பற்றித் தனியாக ஒரு நூலையும் எழுதினார். நீலகிரியில் ட்ரவுட் மீன் விட்டு, அவலாஞ்சியில் 1907-ல் பொரிப்பகம் அமைத்ததும் இதே ஆசையால்தான். குளிர்ந்த மலை ஓடையில் பூச்சியைப் போலக் கட்டியதை, வெப்பமான கழிமுகத்தில் மீன் குஞ்சைப் போலக் கட்டுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவே.

இறகுக்கு இருந்த சந்தை

இங்கேதான் கோழி வளர்ப்போர் காது கொடுக்க வேண்டும். ஃப்ளை கட்டுவதில் உயர்ந்த சரக்கு சேவலின் கழுத்து இறகும், முதுகின் பின்புறத்திலிருந்து வாலடி வரை இரு பக்கமும் தொங்கும் நீள இறகும்தான். கழுத்துத் தோலோடு உரித்துக் காய்ந்த இறகுத் தொகுதி ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து ஏராளமாக மேல்நாடுகளுக்குப் போனது. அங்கே இன்றும் கட்டுபவர்கள் 'இந்தியக் கழுத்து' என்று அதைச் சொல்வார்கள். விலை மலிவு, சிறிய அளவு முள்ளுக்கும் ஏற்ற குட்டையான இழை. குறை என்னவென்றால் ஒவ்வோர் இறகிலும் பயன்படும் நீளம் கொஞ்சம்தான்.

அந்தக் குறையை அமெரிக்கர்கள் இனத்தேர்வில் சரிசெய்தார்கள். முட்டைக்கும் கறிக்கும் கோழியைத் தேர்ந்தெடுப்பது போல, இறகின் நீளத்துக்கும் விறைப்புக்கும் நிறத்துக்கும் மட்டுமே தலைமுறை தலைமுறையாகச் சேவலைத் தேர்ந்தெடுத்தார்கள். கொலராடோவில் 1989-ல் தொடங்கிய வைட்டிங் பண்ணை இதில் பெயர் பெற்றது. சேவல்கள் சண்டையிட்டு இறகைக் கெடுத்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றையும் தனிக்கூண்டில், ஏறக்குறைய ஓராண்டு வளர்க்கிறார்கள். கறிக்கோழி ஆறு வாரத்தில் போய்விடும் காலத்தில் இது பெரிய பொறுமை. 2011-ல் பெண்கள் கூந்தலில் சேவல் இறகு வைத்துக்கொள்ளும் மோகம் பரவியபோது, தூண்டில்காரர்களுக்கே இறகு கிடைக்காமல் விலை பல மடங்கு எகிறியது. ஸ்பெயினின் லியோன் பகுதியில், லா வெசீயா ஊரைச் சுற்றி, இறகுக்காகவே சேவல் வளர்க்கும் வழக்கம் பல தலைமுறையாக இருக்கிறது. அங்கே எழுதப்பட்ட ஃப்ளை குறிப்புச் சுவடி ஒன்று 1624-ஐச் சேர்ந்தது.

இந்தியக் கழுத்துக்கு இருந்த மவுசு இந்த இனத்தேர்வுக்கு முன் நிற்க முடியாமல் போனது. நம்மிடம் சேவலுக்குப் பஞ்சமில்லை, இறகுக்காகத் தேர்ந்தெடுக்க ஆள் இல்லை.

வீட்டில் இருக்கும் நாட்டுச்சேவல் இறகு ஆகுமா என்று கேட்டால், எதற்கு என்பதைப் பொறுத்தது. தண்ணீர் மேல் மிதக்கும் ட்ரவுட் ஃப்ளைக்கு விறைப்பான, பிசிர் இல்லாத இறகு வேண்டும். அதில் நம் சேவல் தோற்கும். ஆனால் கோவளத்தில் வேண்டியது நீருக்குள் நெளியும் மீன் குஞ்சு உருவம். அதற்கு மென்மையான, அகலமான, நான்கைந்து அங்குல நீள இறகு போதும். வாலடி நீள இறகு நான்கு முதல் எட்டு எடுத்து, இரண்டு பக்கமும் அடுக்கி, முன்னால் முடியைச் சுற்றிக் கட்டினால் அது உலகம் முழுக்கக் கடல்மீனுக்கு எடுபடும் உருவம். பாராமுண்டிக்கும் ஆஸ்திரேலியாவில் இதைத்தான் வீசுகிறார்கள். அசீல் சேவலின் இறகு உடம்போடு ஒட்டிய குட்டை இறகு, இதற்கு அவ்வளவு தோதுப்படாது. சிறுவிடைக் கலப்பில் தொங்கும் இறகுள்ள சேவல் நல்லது. வெள்ளை, செவலை, கீரி, வரி விழுந்தது என நிறம் எத்தனை இருந்தாலும் ஆள் உண்டு. முடிக்கு மேல்நாட்டார் மான் வாலைப் பயன்படுத்துவார்கள். நம் நாட்டில் மானைத் தொடக்கூடாது. வெள்ளாட்டு முடியும் கன்றுக்குட்டி வால் முடியும் அதே வேலையைச் செய்யும்.

இறகை உயிருள்ள சேவலிலிருந்து பிடுங்க வேண்டியதில்லை, கூடாது. ஓராண்டு கடந்து முழு இறகு வந்த சேவலைக் கறிக்கு அறுக்கும்போது, கொதிநீரில் முக்குவதற்கு முன் எடுத்துக்கொள்ள வேண்டும். மென்மையான சோப்பு நீரில் அலசி நிழலில் காயவைத்து, பேனும் பூச்சி முட்டையும் சாகும்படி சில நாள் உறைபெட்டியில் வைத்து, பிறகு மூடிய டப்பாவில் கற்பூரத்தோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது.

இதைத் தொழிலாக எண்ணிக் கடன் வாங்கிப் பண்ணை போட வேண்டாம். உள்நாட்டில் ஃப்ளை கட்டுபவர்கள் குறைவு. வெளிநாட்டுக்கு இறகு அனுப்பப் பறவைக்காய்ச்சல் தொடர்பான கட்டுப்பாடுகள் குறுக்கே நிற்கும். கறிக்கடையில் குப்பைக்குப் போகும் பொருளுக்கு நாலு காசு கிடைக்கும் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதே புத்தி.

தொடக்கூடாத இரண்டு இறகு

காட்டுக்கோழி இறகு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்து இறகு நுனியில், மெழுகு பூசியதைப் போல வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு பொட்டு இருக்கும். கட்டிய ஃப்ளையின் பக்கவாட்டில் வைத்தால் அச்சு அசல் மீன் கண்தான். 19-ம் நூற்றாண்டில் பிரிட்டனில் சால்மன் மீனுக்குக் கட்டிய பேர்போன ஃப்ளைகளில் இந்த இறகு இல்லாதது குறைவு. அதற்காக நம் காட்டிலிருந்து எத்தனையோ பறவைகள் போயின. இன்று அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் கீழ் வருகிறது. பிடிப்பதும் இறகை விற்பதும் குற்றம். மயில் தேசியப் பறவை. அதன் தோகையை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யவும் தடை. தோட்டத்தில் உதிர்ந்ததுதானே என்று பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்பினால் வம்பு வரும். கண் வேண்டுமென்றால் ஒரு சொட்டு நகப்பூச்சு போதும், கொடுவா குறை சொல்லாது.

கட்டியதை மாற்றிக்கொள்வது இந்தக் கலையின் பழைய வழக்கம். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஒவ்வொருவரும் ஒரே மாதிரி பன்னிரண்டு கட்டி ஒருவரிடம் அனுப்புவார்கள். அவர் பிரித்து, ஆளுக்கு ஒவ்வொரு வகையிலும் ஒன்று வரும்படி திருப்பி அனுப்புவார். பணம் கைமாறாது. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன், இரண்டு கிலோ விதை வாங்கியவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோ திருப்பித் தர வேண்டும் என்று வைத்த ஏற்பாட்டை அறிந்த உழவருக்கு இது எளிதில் புரியும். விதையைப் போலவே இங்கேயும் பொருளோடு சேர்ந்து பக்குவமும் போகிறது. கட்டு அவிழ்ந்தால் நூல் சுற்றிய கை எது என்று தெரிந்துவிடும். ஆகவே மாற்றுக்கு அனுப்புவதை யாரும் அசட்டையாகக் கட்டுவதில்லை. நாகர்கோவில் பக்கத்து மீனவர் கட்டும் பட்டு நூல் முள்ளும் கோவளத்து இறகும் இப்படி ஒரு பெட்டியில் சேர்ந்தால் இரு பக்கமும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நகரத்து ஆர்வலர்கள் இன்னும் மீனவரிடம் போய்க் கேட்பதில்லை என்பது பெரிய குறை.

மீனவருக்கும் இவர்களைப் பற்றி ஒரு கேள்வி உண்டு: "புடிச்ச மீனை ஏன் தம்பி திரும்பத் தண்ணில உடுறீங்க?" வலைக்கு வரும் மீனால் அடுப்பு எரிகிற வீட்டில் இந்தக் கேள்வி நியாயமானது. பதில் கொடுவாவின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. ஐந்தாறு கிலோ தாய்மீன் ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடும். பொழுதுபோக்காக வருகிறவர் அதை விட்டுவிட்டால், அடுத்த மழையில் கழிக்குள் வரும் குஞ்சு மீனவரின் வலைக்குத்தான். விடுவதென்று முடிவெடுத்தால் சரியாக விட வேண்டும். முள் நுனிக்குக் கீழே இருக்கும் எதிர்முனையைக் கொறடால் முன்பே நசுக்கி வைத்தால் வாய் கிழியாமல் கழன்று வரும். மணலில் புரட்டாமல், நனைத்த கையால் பிடித்து, தலையை நீரோட்டத்துக்கு எதிரே வைத்து, அதுவாக நீந்தும்வரை தாங்க வேண்டும். செவுளில் கைவிட்டுத் தூக்கிப் படம் எடுத்து அரைமணி கழித்து விட்ட மீன் பிழைக்காது. அதற்குப் பேசாமல் ஊராரிடம் கொடுத்துவிடலாம், குழம்புக்காவது ஆகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கரையிலிருந்து வீசும் தூண்டிலுக்கு அது பொருந்தாது. ஆனால் அந்த நாள்களில் முட்டுக்காட்டு வாய் மணலால் அடைபட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். வருவோர் மழை முடிந்து வாய் திறந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில், அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி, ஏற்றம் திரும்பும் நேரம் பார்த்து வருவது நல்லது. ஓட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் இறங்கி நிற்கக் கூடாது, வாய்க்கருகே மணல் காலடியிலேயே சரியும்.